கதவு மூடும் வரை

ஜனவரி 14

அப்பாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நேரில் வந்தால் கதவைத் திறக்காமல் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் கிழிக்கிற ஆளா நீங்கள்? மின்சார பில்லையே இரண்டு தடவை படிப்பீர்கள்.

உங்கள் பஸ் டிப்போவில் யாரோ சொன்னார்களாமே, "உன் பொண்ணு நம்ம ஆளுங்கள பிளேன்ல ஏத்தி ஊருக்கு அனுப்புற வேலையில இருக்கா"ன்னு. உண்மைதான் அப்பா. போன வருடத்திலிருந்து அந்தப் பிரிவில்தான் இருக்கிறேன். நானே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். சொல்லாமலும் அதுதான் நடந்திருக்கிறது.

என்ன வேலை என்று யாரோ சொல்லிக் கேட்காதீர்கள், என்னிடமே கேளுங்கள். நாடு கடத்த உத்தரவான ஆளோடு நாங்கள் மூன்று பேர் போவோம். மற்ற பயணிகள் ஏறுவதற்கு முன்பே ஏற்றிக் கடைசி வரிசையில் நடு இருக்கையில் உட்கார வைப்போம். இரண்டு பக்கமும் எங்களில் ஒவ்வொருவர், முன் வரிசையில் அதிகாரி. விமானத்தின் கதவு மூடும் வரைதான் எங்களுக்குப் பதற்றம். அதற்குள் அவர் எழுந்து நின்று கத்தினால் விமானி ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அப்புறம் இறக்கிக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். கதவு மூடிவிட்டால் போய்ச் சேருவது நிச்சயம்.

நான் வருவதற்கு முன்னால் கத்துகிறவர்களின் தலையை முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பார்களாம். ஒருவருக்குத் தோள்பட்டை முறிந்திருக்கிறது. நான் நம் மொழியில் பேசுகிறேன். "அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா? ஊர்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவேன். நான் போன எந்தப் பயணத்திலும் யாருக்கும் அடிபட்டதில்லை. அவர்கள் பக்கத்து இருக்கையில் யாராவது உட்காரத்தான் போகிறார்கள். அது நானாக இருந்தால் என்ன தப்பு?

கத்திரி சித்தப்பாவிடம் சொல்லுங்கள், முடி வளர்ந்துவிட்டது, வருகிறேன் என்று. அவராவது கதவைத் திறப்பார்.

உங்கள் மகள்

ஜனவரி 27

மகளுக்கு,

எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள். கதவைத் திறப்பேன் என்று அர்த்தமில்லை, ஜன்னல் வழியாகத் தருவேன்.

அடிபடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன். முரடன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தால், பிடிபட்ட பாவி மனுஷன் கத்தவாவது கத்துவான். நீ "அண்ணா" என்று கூப்பிட்டு அந்தக் கத்தலையும் வாயோடு அடக்கிவிடுகிறாய். உனக்கு நம் மொழியைச் சொல்லிக்கொடுத்ததற்கு என் நாக்கை நானே அறுத்துக்கொள்ள வேண்டும்.

உனக்குத் தெரியாததில்லை. ஆலை வாசலில் போலீஸ் சுட்டதைப் பார்த்தவர்கள் பலர். வாய் திறந்து சாட்சி சொன்னது நானும் கத்திரியும் மட்டும். அதற்காகத்தான் ஓடி வந்தோம். அடைக்கலம் கேட்டு ஒரே கதையை இங்கே இரண்டு அறைகளில் உட்கார்ந்து சொன்னோம். என்னை விசாரித்தவன் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான் போல, நம்பினான். கத்திரியை விசாரித்தவனுக்கு என்ன வயிற்றெரிச்சலோ, பொய் என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து நான் பஸ் ஓட்டுகிறேன், அவன் சலூனில் பின்வாசல் பக்கத்து நாற்காலியருகே நின்று முடி வெட்டுகிறான். காக்கி நிறத்தில் ஒரு சட்டை தெருவில் போனால் போதும், பாதி ஷேவிங்கில் ஆளை விட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவான்.

உன் அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரியது யார்? எனக்கு ஷிப்ட். பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனது அவன். கூடப்பிறக்காமலே அப்படி இருந்தவனை ஒரு நாள் எவளோ ஒருத்தி "அண்ணா, தண்ணி குடிங்க" என்று கூட்டிப் போவாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவன் இருக்கிறானே, என்னைத்தான் திட்டுகிறான். "பச்சப் புள்ளயப் போட்டு ஏன்யா வதைக்கிறே? அது பொழப்பு அது"ன்னு. சீருடையில் நீ நிற்கிற படத்தைச் சலூன் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறான். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிறான், "எங்க பாப்பா"ன்னு. கிறுக்கன்.

அந்த வேலையை விடு. விட்டுவிட்டு வா. அதுவரை உன்னோடு எனக்குப் பேச்சில்லை.

அப்பா

மார்ச் 9

மகளுக்கு,

பேச மாட்டேன் என்றவன் பேச மாட்டேன்தான். அதனால் எழுதுகிறேன்.

கத்திரியைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சலூனுக்கு வந்தவர்கள் இந்தத் தடவை பின்வாசலில் முதலில் ஆளை நிறுத்திவிட்டுத்தான் முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள். எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றே நேற்றுதான் தெரிந்தது. வக்கீலைப் பிடித்தேன். நல்ல மனுஷி. அந்தச் சுட்ட கூட்டத்தில் இருந்த ஒருவன் இப்போது அங்கே பெரிய பதவியில் இருக்கிறான் என்பதற்குப் புதிதாக ஆதாரம் இருக்கிறது, அதை வைத்து நீதிபதியிடம் மனு போட்டிருக்கிறார். வியாழக்கிழமை எடுக்கிறார்கள். அதற்குள் அனுப்பிவிடாமல் இருந்தால் போதும், தொண்ணூறு சதவீதம் நிற்கும் என்கிறார்.

நீ அந்த அலுவலகத்திலேயே இருக்கிறாய். யார் காலையாவது பிடி. வியாழக்கிழமை வரை தள்ளிப்போடச் சொல். எனக்காக வேண்டாம், உனக்குத் தலை வாரியவனுக்காக.

இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அப்பா

மார்ச் 12

அப்பாவுக்கு,

நேற்று சித்தப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, இன்று மதியம்தான் திரும்பி வந்தேன். உங்கள் கடிதம் வீட்டு வாசலில் கிடந்தது.

நீங்கள் கையில் இருப்பதை வீசி எறிந்துவிட்டாலும் பரவாயில்லை, மறுபடியும் எடுத்து மிச்சத்தையும் படியுங்கள்.

பயணத்துக்கு முதல் நாளே எங்கள் போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். இன்று எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க உங்கள் அழைப்புகள். சபதத்தை விட்டு அழைத்திருக்கிறீர்கள், நான்தான் இல்லை. உடனே திரும்ப அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நீதிமன்றத்தில் இருந்திருப்பீர்கள்.

யார் என்று தெரிந்து நான் போகவில்லை அப்பா. எங்களுக்குக் கொடுத்த தாளில் ஒரு பெயர், வயது, நாடு. படம் நகலெடுத்து நகலெடுத்துக் கறுத்துப் போயிருந்தது; மீசை வைத்த யாரோ ஒரு இளைஞன். இந்த நாட்டுக்கு வந்தபோது எடுத்ததாம். அந்தப் பெயரை நான் வாழ்நாளில் கேட்டதே இல்லை. நீங்கள் "கத்திரி" என்பீர்கள், நான் "கத்திரி சித்தப்பா" என்பேன், சலூனில் "அண்ணே" என்பார்கள். என்னை வளர்த்தவருடைய பெயர் எனக்குத் தெரியாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

காலையில் அறைக் கதவைத் திறந்தார்கள். கட்டிலில் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறந்துவிட்டது, "சித்" என்று வந்தேவிட்டது. அதற்குள் அவர் எழுந்து, "வணக்கம் மேடம்" என்றார். சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

நான் அப்போதே அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம், இவர் எனக்குச் சொந்தம் என்று. என்னை மட்டும் மாற்றியிருப்பார்கள், பயணம் நின்றிருக்காது. எனக்குப் பதில் வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியும், தலையை அழுத்துகிற ஆள். அந்த நிமிடத்தில் எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. சித்தப்பா மேல் யாரும் கை வைக்கக் கூடாது, நான் பக்கத்தில் இருந்தால் வைக்க மாட்டார்கள்.

இடுப்புப் பட்டையை நான்தான் கட்டினேன். கட்டுவதற்கு வசதியாகக் கையைத் தூக்கிக் கொடுத்தார். விமானத்தில் பயணிகள் ஏறி முடிக்கும் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது, மூச்சு பலமாக வாங்கினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கண்ணைத் திறந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம் மேடம்" என்றார். கதவு மூடிய சத்தம் கேட்டதும் என் கையைத் தட்டிக் கொடுத்து, "ஆச்சு" என்றார்.

அப்புறம் வழியெல்லாம் பழைய ஆள்தான். அந்தப் பக்கம் இருந்தவர் தூங்கியதும், என் பின்கழுத்தைப் பார்த்து மெதுவாக, "யாரு வெட்டுனது? எலி கடிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உங்களைப் பற்றிப் பேசினார். "உங்கப்பன் ஒரு வீம்பன். நீ வீம்பு புடிக்காத. நீதான் எறங்கிப் போகணும்" என்றார்.

இறங்கியதும் ஒரு மேசையில் ஒப்படைத்தோம். இளவயது அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார். தாளைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. எங்கள் அதிகாரி கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா என்று அவசரப்படுத்தினார். வாங்கினேன். நான் அசையாமல் நின்றதைப் பார்த்துச் சித்தப்பாதான் சொன்னார், "போ பாப்பா, பிளைட்ட விட்டுறப் போற."

ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார் அப்பா. அதை மட்டும் நம்புங்கள். இன்று மனு என்ன ஆயிற்று?

உங்கள் மகள்

மார்ச் 16

மகளுக்கு,

மனு நின்றது. வியாழக்கிழமை நீதிபதி அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டார். வக்கீல் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் முகாமுக்குப் போன் செய்தார். போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், முந்தின நாளே ஏற்றிவிட்டார்கள் என்றார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். என் குணம் உனக்குத் தெரியும், வைத்துக்கொள்ள முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை முகாமிலிருந்து கத்திரி போனில் பேசினான். மறுநாள் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. வக்கீல் சொல்லியிருந்தார், நீ எழுதியதும் அதுதான்: கதவு மூடுவதற்குள் கத்தினால் இறக்கிவிடுவார்கள். "கத்துடா" என்றேன். "எப்டிக் கத்துறது?" என்றான். "இதுக்குமாடா பாடம் எடுக்கணும்? எந்திரிச்சு நின்னு, என்னைக் கொல்லப் போறாங்க, எறக்கி விடுங்கன்னு கத்து" என்றேன். அங்கேயே கத்திப் பார்த்தான். கத்தலா அது? பஸ்ஸில் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். மறுபடி கத்தச் சொன்னேன். நாலைந்து தடவை கத்தினான். கடைசியில் நன்றாகவே வந்தது, அங்கே யாரோ அதட்டுகிற சத்தம் கேட்டது. "நாளைக்குப் பாரு, பிளேனே அதிரும்" என்றான்.

அவன் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை, பயந்துவிட்டானா, அடித்தார்களா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது.

வேறு எந்தப் பாவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கத்தியிருப்பான் அம்மா. கத்தினால் உனக்கு வேலை போகும், விசாரணை வரும், எல்லார் முன்னாலும் உனக்குத் தலைகுனிவு. நீ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது அதைத்தான் யோசித்திருக்கிறான். யோசித்து, கதவு மூடும் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமையே முகாம் தெரியும் எனக்கு. ஓடி வந்து உன் கதவைத் தட்டியிருந்தால், அவன் பெயரைச் சொல்லியிருந்தால், நீ அந்தத் தாளை வாங்கியிருக்கவே மாட்டாய். நான் கௌரவம் பார்த்துக்கொண்டு தபால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டினேன். ஸ்டாம்ப்!

அப்பா

மார்ச் 20

அப்பாவுக்கு,

எங்கள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணை இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

கதவு மூடியதும் "ஆச்சு" என்று என் கையைத் தட்டினாரே. நான் அவர் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன் அப்பா. எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், அதை அவர் பார்த்தார்.

நீதிபதி உத்தரவு இருக்கிறதே, அதைக் காட்டித் திரும்பக் கூட்டி வர முடியாதா? அவருக்கு அங்கே எந்த எண் என்று தெரிந்தால் அனுப்புங்கள். இரண்டு வார்த்தை எழுதினாலும் போதும்.

மகள்

ஏப்ரல் 2

மகளுக்கு,

எண்ணும் இல்லை, ஆளும் இல்லை. அவனிடமிருந்து இதுவரை ஒரு போன் இல்லை. என் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். வக்கீல் அங்கே எழுதிக் கேட்டதற்கு, அப்படி ஒருவர் வந்தார், போனார் என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது. எங்கே போனார்? அவனுக்கு அங்கே போவதற்கு வீடு ஏது?

ஒப்படைத்ததற்கு நீ வாங்கிய கையெழுத்தின் நகல் வேண்டும் என்று வக்கீல் கேட்கிறார். அனுப்பு.

நீயே கிளம்பிப் போகலாம் என்று உன் புத்திக்குத் தோன்றும். போகாதே. நான் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது, உனக்கு ஒன்று ஆனால் ஓடி வரக்கூட முடியாது. ஒருவனைத் தொலைத்தது போதும்.

அப்பா

ஏப்ரல் 24

அப்பாவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. நகலை வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு அசலோடு வந்தேன்.

அதே மேசைக்குத்தான் முதலில் போனேன். அந்த இளவயது அதிகாரி இல்லை, வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கிருந்து இன்னொரு அலுவலகம், அங்கிருந்து இன்னொன்று. காலையில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், மாலையில் நாளைக்கு வா என்பார்கள். கையெழுத்தைக் காட்டினால் மட்டும் முகம் மாறும். கடைசியில் ஒரு வயதான குமாஸ்தா, படிக்கட்டில் என் பின்னாலேயே வந்து, "அரசாங்க ஆஸ்பத்திரியில போய்க் கேளும்மா, இங்க கேட்டு அலையாத" என்றார்.

அப்பா, அவர் அங்கேதான் இருந்தார். பிணவறையில். வந்த மூன்றாம் நாள் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். யாரும் கேட்டு வராததால் அப்படியே வைத்திருந்தார்கள்.

முகத்தைக் காட்டினார்கள். அவர்தான். கைகளையும் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதை வக்கீலிடம் சொல்கிறேன், உங்களுக்கு எழுத மாட்டேன். என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டுபோய் விட்டேன் என்று உங்களுக்கு எழுதினேனே. எந்தக் கையால் எழுதினேன்?

உடலை வாங்க, அங்கிருந்தவர் உறவு என்ன என்று கேட்டார். தெரிந்தவர் என்றால் தர மாட்டார்கள். நான் "மகள்" என்றேன். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அப்பா பேரு வேறயா இருக்கே?" என்றார். "அவரும் அப்பாதான், இவரும் அப்பாதான். ரெண்டு பேருதான் என்னை வளர்த்தாங்க" என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருடைய பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நேற்று அடக்கம் செய்தேன். நானும் வண்டி ஓட்டி வந்தவரும் மட்டும்தான். மகள் என்று சொன்னது, அடக்கம் செய்தது, எல்லாம் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டேன். கோபப்படுங்கள், தாங்கிக்கொள்கிறேன். திரும்பி வந்து, யாரை எங்கே யாரிடம் ஒப்படைத்தேன் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறேன். வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அதற்கு என் மேல் வழக்கு வந்தால் வரட்டும்.

மகள்

மே 6

மகளுக்கு,

சலூனுக்குப் போய்ச் சொன்னேன். முதலாளி அன்று கடையை அடைத்துவிட்டார். அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். உன் அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை, அப்போது என்னைத் தேற்ற அவன் இருந்தான்.

மகள் என்று சொன்னதற்கு நான் கோபப்படுவேன் என்று எழுதியிருக்கிறாய். பைத்தியமே. வேறு என்ன சொல்லியிருப்பாய்? அதைச் சொல்ல அவனுக்கு ஒருத்தி இருந்தாள், எனக்கு அந்த ஒரு விஷயம்தான் ஆறுதல்.

ஆனால் பொய் சொல்லத் தெரியாது எனக்கு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அவனைக் கதவு மூடும் வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனாகத்தான் பார்க்கிறேன். இன்னும் எத்தனை நாள் அப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. சாகும்வரைகூட இருக்கலாம். என்னையும் நான் மன்னிக்கவில்லை, அதையும் சேர்த்துக்கொள்.

இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடு. சாட்சி சொல்லப் போகிற அன்று நானும் வருகிறேன், பக்கத்தில் உட்காருகிறேன். சாட்சி சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால், உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். சண்டை போடுவேன், திட்டுவேன், சில நாள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். பொறுத்துக்கொள். அவன் எப்படிச் சிரிப்பான் என்று பேச இந்த ஊரில் உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அப்பா